வீரபத்திரனின் ஃபோம் கவசம்

மாசி 10, செவ்வாய்

உறைபனி. வெயில் ஏறிய பிறகுதான் குழாயில் தண்ணீர். வெந்நீர் அடுப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன், பெரியது கீழே, சின்னது மேலே. பாதியில் மாரிமுத்து வந்தார்.

மாரிமுத்து எங்கள் தோட்டத்தின் கூத்து வாத்தியார். நேற்றுதான், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், காமன் கூத்துக்குக் கம்பு நட்டோம். கம்பு நட்டுவிட்டால் பௌர்ணமி அன்று கூத்தை ஆடி முடித்தே ஆக வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து எங்கள் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்த கட்டுப்பாடு. சிவனின் கோபத்தில் பிறந்த வீரபத்திரன் வேஷம் மோகனுக்கு என்று முடிவாகியிருந்தது. மோகன் நேற்றே திருப்பூர் போய்விட்டானாம். பனியன் கம்பெனியில் வேலை.

"போவாம என்னா செய்வான்ங்கய்யா? கொழுந்துக்கு வெல இல்ல. வாரத்துல மூணு நாளுதான் பேக்டரி ஓடுது. அதுலயும் பாதி ஆளுக்குத்தான் பேரு போடுறாங்க."

வேறு பையன்கள் இல்லையா என்று கேட்டேன்.

"எந்தப் பையன்? லயம் லயமா எண்ணிப் பாருங்க. என்னைய மாதிரி, ஒங்கள மாதிரி. மிச்சமெல்லாம் கீழ எறங்கிருச்சு."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் விறகைப் பார்த்தேன்.

"பாட்டும் வசனமும் முழுசாத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்ங்கய்யா."

உண்மை. பேக்டரியில் கொழுந்தின் பக்குவம் பார்க்கும் டீ மேக்கராக இருந்த காலம் முழுவதும் மாசி மாதத்தில் எனக்கு இன்னொரு வேலை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது. திரைக்கு முன்னால் ஒரு நாளும் வந்ததில்லை. அறுபத்தொன்பது வயதில் வீரபத்திரனா?

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். மாரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். யோசிக்கிறேன் என்றதை அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். ஓடிப் போய்த் திருத்த நினைத்தேன். செருப்பு அகப்படவில்லை.

பாக்கியம் உள்ளேயிருந்து கேட்டிருக்கிறாள். "வீரபத்திரனா? கரப்பான் பூச்சி அடிக்க பொண்டாட்டியக் கூப்புடுற ஆளா?"

அதுவும் உண்மை.

மாசி 11, புதன்

கோயில் பெட்டியைத் திறந்தோம். வீரபத்திரனின் பழைய கவசம்: பலா மரம், பித்தளைத் தகடு, கண்ணாடி வில்லைகள். தூக்கவே இரண்டு பேர். தோளில் வைத்ததும் முழங்கால் மடங்கியது. இடது தோள் ஏற்கெனவே பாதிதான் உயரும், இதைப் போட்டால் கை இடுப்புக்கு மேல் வராது.

வேஷம் லேசானதும் இல்லை. மேல் லயத்து வீட்டு வரிசையிலிருந்து படிக்கட்டு வழியாகத் துள்ளி இறங்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டி, பின்னால் இரண்டு ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். ஆவேசத்தில் அவர்களையும் இழுத்துக்கொண்டு வருகிறவன்தான் வீரபத்திரன்.

மாரி என் கால்களைப் பார்த்தார். "ஒக்காந்துக்கிட்டு ஆடுற வீரபத்திரன் நான் எங்கயும் பாத்ததில்லீங்களே."

வேண்டாம் என்று சொல்லத் தீர்மானித்தேன். வரும் வழியிலேயே மூன்று வாக்கியங்கள் தயார் செய்தேன். மரியாதையாக, காரணத்தோடு.

மத்தியானம் மகன் விட்டுப்போன பழைய போனில், எடை குறைந்த கவசம் உண்டா என்று சும்மா தேடினேன். ஒரு வெள்ளைக்காரப் பையன். கார் நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்து, குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும் ஃபோம் ஷீட்டை வெட்டுகிறான். பசை தடவுகிறான். சூடு காட்டி வளைக்கிறான். பெயிண்ட் அடிக்கிறான். கடைசியில் இரும்பு! சத்தியமாக இரும்பு! விரலால் தட்டிக் காட்டுகிறான், சத்தமே இல்லை.

நான்கு முறை பார்த்தேன். மாரிக்காக வைத்திருந்த மூன்று வாக்கியங்களும் மறந்துபோயின.

மாசி 12, வியாழன்

கோத்தகிரி போய் வந்தேன். பஸ்ஸில் எழுதிய பட்டியல்:

ஃபோம் ஷீட், கனமானது, மெல்லியது
செருப்புக் கடைக்காரர் பூசும் மஞ்சள் பசை
கட்டர்
அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் டேப்
வெள்ளிப் பெயிண்ட் (வாங்க வேண்டாம். பேக்டரி புகைபோக்கிக்கு அடித்தது ஸ்டோரில் மிச்சம் இருக்கும். கேட்க வேண்டும். கேட்பேனா?)

கடைக்காரர் ஷீட்டைக் காட்டிவிட்டு, "ஏனுங்க, ஊட்ல எத்தன கொழந்தைங்க?" என்றார்.

குழந்தைக்கு இல்லை, எனக்கு என்றேன்.

"அப்ப தியானத்துக்குங்களா? அதுக்கு யோகா மேட்டுன்னு தனியா இருக்குதுங்க. முட்டி வலிக்காது."

கவசம் செய்ய என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னொரு சுருளையும் எடுத்து வைத்தார். பிறகு, ரொம்பப் பணிவாக: "கவசத்துக்கு ரோஸ்ல வேணுங்களா, நீலத்துல வேணுங்களா? ரோஸ்ல யானை போட்டிருக்குது. நீலம்னா வாத்துங்க."

படம் இல்லாதது கிடையாது. வாத்து உள்பக்கம் வரும்படி வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு நீலத்தையே வாங்கினேன். பஸ்ஸில் சுருளை நிமிர்த்திப் பிடித்திருந்தேன். கண்டக்டர்: "பெரியவரே, கூட வர்றவங்கள ஒக்காரச் சொல்லுங்க."

சிரித்தேன். வழக்கமாக இதற்கெல்லாம் முகம் சிவந்துபோகும்.

மாசி 13, வெள்ளி

அளவெடுப்பு. போனில் பார்த்த பையனின் முறை: உடம்பைச் சுற்றிக் காகிதம், அதன் மேல் டேப், அதில் கோடு போட்டு வெட்டி எடுத்தால் அச்சு. பழைய பேப்பரைச் சுற்றும் வேலை பாக்கியத்துக்கு.

"நிமிந்து நில்லுங்க."

"நிமிர்ந்துதான் நிற்கிறேன்."

"இதுவா? ஆபீஸ்ல தொரை முன்னாடி நின்ன மாதிரி நிக்கிறீங்க. கழுத்தத் தூக்குங்க. நெஞ்ச வெளிய விடுங்க. அட, நெஞ்சு இருக்கே!"

கழுத்திலிருந்து இடுப்பு வரை டேப் போட்டு முடித்த நேரத்தில் வாசலில் பக்கத்து வீட்டுக்காரரின் குரல், சர்க்கரை கேட்டு. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அசைந்தால் பேப்பர் சரசரக்கும். அசையாமல் நின்றேன். பா. வேண்டுமென்றே அவரோடு நெடுநேரம் பேசினாள்.

கோடு போட்டு வெட்டி எடுத்து விரித்தால் என் மார்பு தரையில் தட்டையாகக் கிடக்கிறது. விசித்திரம். நிமிர்ந்து நின்றபோது எடுத்த அளவு. கூன் போட்டால் கவசம் கழுத்தில் இடிக்கும். இனி நிமிர்ந்தே ஆக வேண்டும்.

வெட்டுவதில் சிக்கல். கட்டர் ஃபோமைப் பிய்க்கிறது, ஓரம் எலி கடித்த மாதிரி. மாரியிடம் கவாத்துக் கத்தி கேட்டு வாங்கினேன், தேயிலைச் செடியை வெட்டித் தாழ்த்துகிற கத்தி. கல்லில் நன்றாகத் தீட்டி, ரம்பம் போல அறுக்காமல் ஒரே இழுப்பு. வெண்ணெய்! கவாத்துக்குச் சொல்வதும் அதுதானே: ஒரே வெட்டு, சாய்த்து வெட்டு, கிளை பிளக்கக் கூடாது.

மார்பு முன், பின், தோள் இரண்டு, இடுப்புப் பட்டை, முன்கை இரண்டு, தலைக்கவசம் ஆறு துண்டு. எல்லாம் வெட்டியாயிற்று. மெத்தைக்கு அடியில் பரப்பி வைத்தேன், மடங்காமல் இருக்க.

மாசி 14, சனி

காலையிலிருந்து மூடுபனி. எதிர் லயம் தெரியவில்லை.

ஓரங்களுக்குப் பசை தடவினேன். டப்பாவில் எழுதியிருப்பது: பூசி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, கால் மணிக்குள் சேர்த்து அழுத்தவும். காயவில்லை. பனி ஈரத்தில் பசையின் மேல் வெள்ளையாக ஒரு படலம். சேர்த்தால் வழுக்கி நழுவுகிறது.

மாரி வந்து பார்த்தார். "இதுக்கா யோசிக்கிறீங்க? பேக்டரில கொழுந்து வாட்டுற தொட்டி சும்மாத்தான கெடக்கு. இன்னிக்கு ஓட்டமில்ல. எல்லாத்தையும் அதுல பரப்பி, காத்தத் தொறந்து விட்டா..."

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கத்திவிட்டேன். தொட்டியிலா? செருப்புப் பசையா? தேயிலை எந்த வாசனையையும் குடித்துக்கொள்ளும், திங்கட்கிழமை அதே தொட்டியில் கொழுந்து விழும், விலை கிடக்கிற கிடப்பில் ஒரு பெட்டி நாறினால் ஏலத்தில் தொடுவானா ஒருத்தன், மிச்ச மூன்று நாளும் போய்விடும், உமக்குப் புத்தி இருக்கிறதா என்றெல்லாம்.

மாரி இரண்டு அடி பின்னால் போனார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "இப்பக் கத்துனீங்களே, அத அப்புடியே வச்சிருங்க. பௌர்ணமிக்கு அது போதும்."

மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே போனார்.

ஈர நாளில் கொழுந்துக்குக் கூடுதல் நேரம் கொடுப்போம், ராத்திரி முழுக்க. பசைக்கும் அதுவே சரி என்று முடிவு. எல்லாத் துண்டுகளுக்கும் ஓரம் தடவி, அறைக்குள் கொடி கட்டித் தொங்கவிட்டேன். டப்பா காலி. பா. தன் டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். என் டீயில் செருப்புக் கடை வாசனை. நான் சொன்னது சரி.

மாசி 15, ஞாயிறு

நல்ல வெயில். பசை செத்துவிட்டது.

தொட்டுப் பார்த்தேன்: காய்ந்து, வழவழப்பாக, அழகாக. சேர்த்தேன். அழுத்தினேன். விட்டால் விழுகிறது. எல்லாத் துண்டும். கால் மணிக்குள் என்று டப்பாவில் இருந்தது. படித்தேன், நேற்று இங்கேயே எழுதியும் வைத்தேன். ஆனால் டீ மேக்கராக யோசித்தேன். ராத்திரி முழுக்க வாடிய கொழுந்து பக்குவம். ராத்திரி முழுக்க வாடிய பசை பிணம். உலகத்தில் வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. பசை கிடையாது. ஆறு நாள்தான் பாக்கி. மாரியிடம் சொல்லிவிடலாம் என்று சட்டை மாட்டினேன்.

அடுப்படியிலிருந்து சத்தம். "என்னாங்க! இங்க வாங்க! கெட்டிலப் புடிச்சுக்கிச்சு!"

பா. கொதிக்கிற கெட்டிலை இறக்கி, கைக்கு வந்த ஃபோம் துண்டின் மேல் வைத்திருக்கிறாள். கெட்டிலின் அடியில் தோள் கவசம் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது.

"நான் வேணும்னு வெக்கலீங்க."

பிய்த்துப் பார்த்தேன். சூடுபட்ட இடத்தில் பசை மறுபடி இளகி, பிசுபிசுவென்று உயிரோடு! செத்ததைச் சூடு எழுப்புகிறது! இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, தொடாமல், ஓரத்துக்கு மேலே மேலே ஓட்டி, இரண்டு ஓரத்தையும் சேர்த்து அழுத்தினேன். விட்டேன். விழவில்லை. இழுத்தேன். வரவில்லை. பா.விடம் கொடுத்தேன். அவளும் இழுத்தாள், என்னைவிடப் பலமாக. வரவில்லை!

மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு. மார்பும் முதுகும் சேர்ந்துவிட்டன. பா. இஸ்திரி, நான் அழுத்தம். நடுவில் அவள், "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு நேரம் நாம ஒண்ணா ஒக்காந்ததில்ல" என்றாள்.

மாசி 17, செவ்வாய்

வளைக்கும் வேலை. கரி அடுப்புத் தணலுக்கு மேலே ஃபோமைக் காட்டினால் முதலில் ஒன்றும் இல்லை, பிறகு சட்டென்று துவளும். அந்த நொடியில் கவிழ்த்த அண்டாவின் மேல் வைத்து, ஆறும்வரை கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். எடுத்தால் தட்டை போய்விட்டது. வளைவு நிற்கிறது. மார்பு! என் மார்பு இல்லை, யாரோ நல்ல சாப்பாடு சாப்பிட்டவனின் மார்பு. தோளுக்குக் குழம்புச் சட்டி. தலைக்கவசத்துக்குத் தண்ணீர்க் குடம். சமையல் பாத்திரம் ஒன்றும் மிச்சமில்லை, மத்தியானம் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்.

மூன்றாவது தோள் துண்டில் (முதல் இரண்டும் கருகின, மறுபடி வெட்டினேன்) கை பழகிவிட்டது. வாட்டம் பார்க்கிற கைதானே. துவளும் நொடி விரலுக்குத் தெரிகிறது.

இத்தனை சந்தோஷத்தில் ஒரு துண்டை வேண்டுமென்றே நெருப்பில் காட்டினேன், தெரிந்துகொள்வோமே என்று. சுருங்கி, உருகி, நீலத் துளியாகச் சொட்டியது.  கூத்தில் வீரபத்திரனின் முகத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு பேர் தீப்பந்தம் பிடித்து ஓடி வருவார்கள்.

மாரியிடம் போனேன்.

"பந்தம் எட்டு முழம் தள்ளி இருக்கட்டும்" என்றேன்.

"எட்டு முழமா? அப்ப வீரபத்திரன் எங்கன்னு சனம் தேடும்."

"சரி, ஆறு."

"வீரபத்திரனுக்கு நெருப்புன்னா பயம்னு இன்னிக்குத்தான் கேள்விப்படுறேன். சிவன் காதுல விழுந்தா என்னா நெனைப்பாரு?"

"சிவன் ஃபோம் போடவில்லை."

மாரி விழுந்து விழுந்து சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசியதாக எனக்கே அப்போதுதான் உறைத்தது. முடிவு: படியின் இரண்டு பக்கமும் உயரமான இரும்புக் கம்பத்தில் பந்தம் கட்டுவது. யாரும் கையில் பிடித்து ஓடுவதில்லை. நல்ல ஏற்பாடு. நான் சொன்னது, அவர் ஒப்புக்கொண்டார். இரண்டு முறை எழுதிப் பார்க்கத் தோன்றுகிறது.

மாசி 18, புதன்

ஸ்டோர் கீப்பரிடம் பெயிண்ட் கேட்டேன். கதவுக்கு வெளியே மூன்று நடை நடந்த பிறகுதான். கொடுத்துவிட்டார். "எதுக்குங்கய்யா?" என்றுகூடக் கேட்கவில்லை. தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

முதலில் மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசை, ஃபோம் பெயிண்டைக் குடிக்காமல் இருக்க. அதன் மேல் வெள்ளி, இரண்டு பூச்சு. கயிற்றைச் சுருட்டி ஒட்டிக் கொடிவேலை. சோடா மூடிகளை ஒட்டி ஆணிக் குமிழ்கள். குழிகளில் கரி தடவித் துடைத்தேன், பழைய இரும்பு போல.

சாயங்காலம் போட்டுப் பார்த்தேன். உள்ளே வாத்துகள், வெளியே வீரபத்திரன். ஒரே கையால் தூக்கிவிடலாம். இடது கை காதைத் தாண்டி உயர்ந்தது. இறக்கினேன். மறுபடி உயர்த்தினேன். பா. எண்ணத் தொடங்கிவிட்டாள், நிறுத்தினேன்.

அலமாரிக் கண்ணாடி. முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தேன்.

பா. சுற்றி வந்து பார்த்தாள். பின்பக்க வாரை இழுத்துக் கட்டினாள். "யாரோ ஆம்பள மாதிரி இருக்கீங்க."

திட்டா பாராட்டா என்று கேட்கவில்லை. நெடுநேரம் கழற்றவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது அவளேதான் கழற்றினாள்.

மாசி 19, வியாழன்

ஒத்திகை. பெருத்த அவமானம்.

வசனம் முழுதும் தெரியும், ஓர் எழுத்து தவறாது. வாயைத் திறந்தால் கிசுகிசு. இத்தனை வருடம் திரைக்குப் பின்னால் சனத்துக்குக் கேட்காமல் சொல்லிச் சொல்லி, என் தொண்டைக்கு இந்த வரிகள் அப்படித்தான் தெரியும். அடிவயிற்றிலிருந்து எழுப்ப முயன்றேன். இன்னும் நயமான கிசுகிசு.

மாரி தப்பு மேளத்தை நிறுத்தச் சொன்னார். "ஐயா, நல்லா எடுத்துக் குடுக்குறீங்க. ஆனா யாருக்கு?"

தப்பு அடிப்பவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை.

மத்தியானம் தனியாகக் கீழ்க்காட்டுக்குப் போனேன். அங்கே கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், கூலிக்குக் கட்டாது என்று. தேயிலை ஆள் உயரத்துக்கு மேலே மரமாக நிற்கிறது. யாரும் வர மாட்டார்கள். அதுதான் வேண்டியது. கவசத்தைப் போட்டுக்கொண்டு நின்று, வரி வரியாகச் சொன்னேன். மூன்றாவது வரியில் கொஞ்சம் சத்தம். ஏழாவதில் எனக்கே காதில் விழுந்தது. "யாரடா அங்கே!" என்ற இடத்தில் என்ன ஆயிற்றோ, மலை திருப்பிச் சொன்னது.

புதருக்குள் ஏதோ எழுந்தது. காட்டெருமை. ஒன்றில்லை, இரண்டு. நான் அப்படியே நின்றேன். அவை பார்த்தன. பிறகு திரும்பி, செடிகளை முறித்துக்கொண்டு சரிவில் ஓடிவிட்டன.

நானும் ஓடினேன், எதிர்ப்பக்கம். ஆனால் முதலில் ஓடியது அவை. இதை நன்றாகக் கவனித்தேன்.

பா.விடம் சொன்னேன். நம்பவில்லை. பரவாயில்லை. நாளன்றைக்குக் கூத்து! வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இது அது இல்லை.

மாசி 20, வெள்ளி

மத்தியான பஸ்ஸில் மோகன் வந்துவிட்டான்.

நாளைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறான். கம்பெனிக்காரன் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வானாம். கம்பு நட்டுவிட்டு ஓடியது மனசை அறுத்தது என்று மாரியின் காலில் விழுந்தான். என் காலிலும். எல்லோருக்கும் சந்தோஷம். "ஐயாவுக்கு விடுதல!" என்று யாரோ. "பாவம், பத்து நாளாத் தூக்கமே இருந்திருக்காது" என்று இன்னொருவர். தூக்கம் நன்றாகத்தான் இருந்தது.

"ஐயா, ஒங்களுக்கு வீணா செரமம் குடுத்துட்டேன். நாளைக்கு நானே ஆடிர்றேன்" என்றான் மோகன்.

"அதனாலென்ன, நீயே ஆடு" என்றேன்.

ஏன் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லியது. எவ்வளவோ விஷயத்தில் அது தானாகச் சொல்லியிருக்கிறது.

என் கவசத்தைத் தட்டிப் பார்த்தான். "அருமையாச் செஞ்சிருக்கீங்கய்யா. ஆனா மெத்த மாதிரில்ல இருக்கு. நான் பழசையே போட்டுக்குறேன்."

நல்ல பையன். அவன் மேல் ஒன்றும் இல்லை. கவசத்தைப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நிம்மதியாக இருக்க வேண்டும். காரணங்களை எழுதிப் பார்க்கிறேன்:

முழங்கால் பிழைத்தது
சனத்தின் முன் குரல் அடைக்காது
இளவட்டம் ஆடினால் பார்க்க அழகு
யாருக்கும் வருத்தமில்லை

நான்கும் சரி. எதுவும் உதவவில்லை.

பா. தட்டை வைத்தாள். நான் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"வேணும்னா வேணும்னு சொல்லணும்" என்றாள். "ஒங்க மனசுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்க அவனுக்குத் தெரியுமா, மாரிமுத்துக்குத் தெரியுமா?"

"மோகன் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறான்."

"அது அவன் சொல்லட்டும். அவனுக்கும் சேத்து நீங்களே பேசுனா எப்படி?"

மாசி 21, சனி

பளிச்சென்ற காலை.

சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரை போய்த் திரும்பினேன். சட்டையில் போனால் மறுபடி "அதனாலென்ன" என்பேன். கவசத்தை எடுத்தேன். பா. கேள்வி கேட்காமல் வாரைக் கட்டினாள். தலைக்கவசத்தையும் மாட்டினேன். பட்டப்பகலில், கீழ் லயத்திலிருந்து மேல் லயம் வரை, எல்லா வாசலையும் தாண்டி நடந்தேன். குளித்துக்கொண்டிருந்த ஒருவர் செம்போடு நின்றுவிட்டார். பின்னால் பிள்ளைகள் கூட்டம். கூன் போட முடியவில்லை, கழுத்தில் இடிக்கிறது.

கோயிலடியில் மாரியும் மோகனும் பழைய கவசத்துக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஆடுகிறேன்" என்றேன்.

"என்னாங்கய்யா?" என்றான் மோகன். காதில் விழவில்லை.

"வேஷம் நான்தான் கட்டப் போகிறேன்!"

மாரி புளியைக் கீழே போட்டார். மோகன் எழுந்து நின்றான். முகம் மாறிவிட்டது. "நேத்து நீங்கதான என்னைய ஆடச் சொன்னீங்க? ஒரு நாள் சம்பளம் போச்சுங்கய்யா எனக்கு. ராத்திரி ஷிப்ட்ட முடிச்ச கையோட நின்னுக்கிட்டே பஸ்ல வந்தேன்."

அவன் சொல்வது நியாயம். முழு நியாயம். நேற்றுச் சொன்னது தப்பு, என் தப்பு என்றேன். நீ வந்தது பெரிய காரியம் என்றேன். இதுவரை வழக்கமான நான். பிறகு: "ஆனால் எனக்கு ஆடணும். ஆசையாக இருக்கிறது, மோகன்."

ஆசை என்ற சொல்லை இந்த வயதில், பிள்ளைகள் கேட்க, சொல்லிவிட்டேன்.

 மோகன் என்னைக் கீழிருந்து மேலே பார்த்தான். ஒரு சோடா மூடியை விரலால் நிமிண்டினான். மாரி தாடியைச் சொறிந்துகொண்டே, "கயிறு புடிக்க செல்வராசு ஒருத்தன்தான் இருக்கான், அவனுக்கும் இடுப்புப் புடிப்பு" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

மோகன் பெருமூச்சு விட்டான். "சரி, கயிறு நான் புடிக்கிறேன். ஆனா ஒண்ணுங்கய்யா. இழுக்காம ஆமை மாதிரி எறங்குனீங்கன்னா, பின்னாடியிருந்து தள்ளி விட்டுருவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"தள்ளு" என்றேன்.

இப்போது சாயங்காலம். தப்பை நெருப்பில் காய்ச்சுகிறார்கள், இங்கே வரை கேட்கிறது. பா. நெற்றியில் சாந்து இட்டுவிட்டாள், மீசை வரைந்தாள். பேனா பிடிக்க முன்கைக் கவசம் இடைஞ்சல். போகிறேன்.

மாசி 22, ஞாயிறு

குரல் சுத்தமாக இல்லை. மிளகுக் கஷாயம். எழுத மட்டும் முடிகிறது.

நேற்று நடந்தது துண்டு துண்டாகத்தான். மேல் லயத்துப் படி, முதல் படி. கீழே இவ்வளவு சனமா, தோட்டத்தில் இன்னும் இவ்வளவு பேர் இருக்கிறோமா என்று நினைத்தது. தப்பின் அடி மாறியது. "யாரடா அங்கே!" கூட்டத்தில் யாரோ அலறினார்கள், முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை தன் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். பாதிப் படியில் இடது தோள் துண்டு பறந்தது. நிற்கவில்லை. அதற்குப் பிறகு பெரட்டுக்களத்தின் மண்ணும், சாம்பல் வாசனையும், மாரியின் பல்லும்தான் ஞாபகம்.

காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் மோகன் வந்தான். வாசலில் நின்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். கயிறு அறுத்து, தோல் உரிந்து, சிவப்பாக.

"புடிக்கவே முடியலங்கய்யா. செல்வராசு அண்ணன் மூணாவது படியிலயே விழுந்துட்டாரு. அப்புறம் நான் ஒருத்தன்தான். விடுங்க விடுங்கன்னு கத்துறேன், ஒங்க காதுல ஏறுனாத்தான?"

பா. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்து அவன் கையில் தடவினாள். "இந்தக் கையோட நாளைக்கு எப்புடிடா மிசின் ஓட்டுவ?"

"ஓட்ட முடியாதும்மா. கேட்டா, எங்க ஊரு டீ மேக்கர் ஐயா இழுத்துட்டாருன்னு சொல்றேன். எவன் நம்புவான்?"

அவன் சிரித்தான். பஸ் ஹாரன் கேட்டு ஓடினான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். குரல் இல்லை. இருந்து கேட்டிருந்தாலும், அது பொய்.